இரவில் தேறுகிற ராம் மதியத்தில் ஏன் சறுக்குகிறது?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். ரைசன் 7 7800எக்ஸ்3டி, பி650 மதர்போர்டு, 16 ஜிபி ஸ்டிக் இரண்டு சேர்ந்த டிடிஆர்5-6000 சிஎல்30 ராம் (6000 என்பது வேகம், சிஎல் என்பது கேட்ட தரவைக் கொடுக்க ராம் எடுக்கும் கிளாக் எண்ணிக்கை). நான்கு மாதம் எக்ஸ்போவை, அதாவது ராம் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தை ஒரே தட்டில் இயக்கும் அமைப்பை, மட்டும் போட்டு ஓட்டியபோது ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு ஒரு காணொளியில் காட்டிய டைமிங் எண்களை (ராமின் ஒவ்வொரு செயலுக்கும் எவ்வளவு நேரம் என்று சொல்பவை) அப்படியே பயோஸில், அதாவது மதர்போர்டின் அமைப்புத் திரையில், ஏற்றினீர்கள்: டிரெஃபி 65535, டிஆர்எஃப்சி 480, ராம் வோல்டேஜ் 1.35 இலிருந்து 1.45. இரவு ஏர்கான் போட்ட அறையில் டெஸ்ட்மெம்5 என்ற ராம் சோதனை மென்பொருள் பிழையே காட்டாமல் முடிந்தது. ஆனால் சனி, ஞாயிறு மதியம் ஏர்கான் இல்லாமல் விளையாட உட்கார்ந்தால் 40 நிமிடத்தில் விளையாட்டு தானாக மூடிக்கொள்கிறது, இல்லாவிட்டால் நீலத்திரை. சில காலைகளில் திரையே வராமல் போர்டில் ராம் சிக்கலைக் காட்டும் டிராம் விளக்கு மட்டும் எரிகிறது. ராம் பழுதா, சிம் லிம் கணினிக் கடைக்குக் கொண்டுபோய் மாற்றலாமா, அதே மாடலில் இன்னும் இரண்டு ஸ்டிக் வாங்கி 64 ஜிபி ஆக்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கு அடியில் நான்காவது ஒன்று இருக்கிறது: சோதனை தேறிவிட்டது என்றால் பிறகு ஏன் விழுகிறது? அதற்கு விடை கிடைத்தால் மற்ற மூன்றுக்கும் தானாகக் கிடைத்துவிடும்.

ராம் பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு என்றே நினைக்கிறேன். இரவில் நீங்கள் நடத்திய சோதனை, மதியம் உங்கள் கணினி இருக்கும் நிலையை எட்டவே இல்லை. பந்தயம் கட்டச் சொன்னால் டிரெஃபி மேல்தான் கட்டுவேன். ஆனால் கணினியை நேரில் பார்க்காமல் சொல்கிறேன் என்பதால் எது உறுதி, எது என் ஊகம் என்று அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. ராம் சிப்பில் ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டி மின்தேக்கியில் இருக்கும் மின்னூட்டம். அது ஓட்டைப் பானை மாதிரி, கசிந்துகொண்டே இருக்கும். வற்றுவதற்குள் மறுபடி நிரப்ப வேண்டும், அதுதான் ரீஃப்ரெஷ். இரண்டு ரீஃப்ரெஷுக்கு நடுவில் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பது டிரெஃபி. ஒரு ரீஃப்ரெஷ் முடிய எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பது டிஆர்எஃப்சி. சூடு ஏற ஏறக் கசிவும் கூடும். டிடிஆர்5-க்கு, ராம் தரங்களை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலை கொடுத்திருக்கும் இடைவெளி 3.9 மைக்ரோவினாடி, சிப் 85 டிகிரியைத் தாண்டினால் அதையும் பாதியாக்கி 1.95 ஆக வைக்கச் சொல்கிறது. 6000 வேகத்தில் உண்மையான கிளாக் 3000 மெகாஹெர்ட்ஸ் என்பதால் 3.9 மைக்ரோவினாடி என்பது 11700 கிளாக். எக்ஸ்போவை மட்டும் போட்டு மற்றதை ஆட்டோவில் விட்டால் டிரெஃபி கிட்டத்தட்ட இந்த எண்ணில்தான் நிற்கும். நீங்கள் போட்ட 65535 என்பது 21.8 மைக்ரோவினாடி, அதாவது ஐந்தரை மடங்குக்கும் மேல். இந்த 65535-ஐ யாரும் உங்கள் ராமை அளந்து கண்டுபிடிக்கவில்லை. 16 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய எண் அது, பயோஸ் அதற்கு மேல் ஏற்க விடாது, அவ்வளவுதான். காணொளிக்காரர் கட்டத்தில் நுழைகிற பெரிய எண்ணைத் தட்டியிருக்கிறார். அவருடைய அறையின் வெப்பநிலையை அவர் சொல்லவில்லை.

85 டிகிரி வரை கவலையில்லை என்பது 3.9 மைக்ரோவினாடிக்குக் கொடுத்த வாக்கு. ஐந்தரை மடங்கு இழுத்த பிறகு அந்த வாக்கு உங்களுக்குப் பொருந்தாது. 65535-இல் ஓடும் ஸ்டிக்குகள் பல 50 முதல் 60 டிகிரிக்குள்ளேயே பிழை தரத் தொடங்குவது ஓவர்கிளாக் செய்பவர்களிடையே, அதாவது நிர்ணயித்த அளவைத் தாண்டி ஓட்டுபவர்களிடையே, பொதுவான அனுபவம். சரியான எல்லை சிப்புக்குச் சிப் மாறும், ஒரே பெட்டியில் வந்த இரண்டு ஸ்டிக்குக்கு இடையிலும் மாறும். ஆகவே உங்கள் எல்லை எங்கே என்பதை நீங்கள்தான் அளக்க வேண்டும்.

இப்போது உங்கள் இரவுச் சோதனையைப் பாருங்கள். அது இரண்டு வகையில் சலுகை கொடுத்த தேர்வு. ஒன்று, அறை. ஏர்கானை 25-இல் வைத்த அறைக்கும், சிங்கப்பூரில் பிற்பகல் 2 மணிக்கு 32 டிகிரி இருக்கும் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு அறைக்கும் 7 டிகிரி வித்தியாசம். அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ, ஸ்டிக்கும் கிட்டத்தட்ட அத்தனை டிகிரி ஏறும். கேசிங்குக்குள் வரும் காற்றே அந்த அறைக் காற்றுதானே. இரண்டு, கிராபிக்ஸ் கார்டு. டெஸ்ட்மெம்5 ஓடும்போது கார்டு சும்மா கிடக்கிறது. விளையாடும்போதோ 200, 300 வாட் வெப்பத்தை ஸ்டிக்குகளுக்குச் சற்றுக் கீழேயே கக்குகிறது. இப்போதைய கார்டுகள் பலவற்றின் பின்பக்கத்தில் திறப்பு விட்டிருப்பதால், கீழே இருந்து இழுத்த காற்று சூடாகி நேராக ராம் பக்கம் ஏறுகிறது. சிபியு, ராம், போர்டு எல்லாவற்றையும் வருத்தி எடுத்தாலும், கார்டைச் சூடாக்காத சோதனை உங்கள் மதிய விளையாட்டைப் பிரதிபலிக்காது. 40 நிமிடம் கழித்து விழுகிறது என்று நீங்கள் எழுதிய குறிப்பும் இதற்கு ஒத்துப்போகிறது. கேசிங்கும் ஸ்டிக்கின் அலுமினிய உறையும் ஊறிச் சூடாகி நிலைக்கு வர ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கும்.

வோல்டேஜை ஏற்றியதும் இந்த இடத்தில் உதவவில்லை, கெடுத்திருக்கவே வாய்ப்பு அதிகம். வெப்பம் வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும்: 1.35-க்கும் 1.45-க்கும் வெறும் 0.1 வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் கணக்குப் பார்த்தால் சுமார் 15 சதவீதம் கூடுதல் வெப்பம். போதாததற்கு, டிடிஆர்5-இல் வோல்டேஜைச் சீராக்கும் பிஎம்ஐசி சிப் மதர்போர்டில் இல்லை, ஸ்டிக்கின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதன் சூடும் சேர்ந்துகொள்ளும். சிஎல்லைக் குறைக்க வோல்டேஜ் உதவும். ரீஃப்ரெஷ் இடைவெளி நீண்டதால் வரும் பிழைக்கு வோல்டேஜ் மருந்தாகாது. “பிழை வந்தால் 0.05 ஏற்று” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அறிவுரை இங்கே எதிர்த் திசையில் வேலை செய்யும்.

டிரெஃபியை இறக்கினால் வேகம் போய்விடுமே என்று தயங்குவீர்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்டோவில், 16 ஜிகாபிட் சிப்புக்கு ஒரு ரீஃப்ரெஷ் 295 நானோவினாடி எடுக்கும், 3.9 மைக்ரோவினாடிக்கு ஒருமுறை வரும். ராம் தன் நேரத்தில் சுமார் 7.6 சதவீதத்தை ரீஃப்ரெஷுக்கே கொடுக்கிறது. டிஆர்எஃப்சி 480 என்றால் 160 நானோவினாடி. அதை 65535-ஓடு சேர்த்தால் 0.7 சதவீதம். டிரெஃபியைப் பாதியாக்கி 32767 வைத்தால் 1.5 சதவீதம். ஆக 32767-க்கும் 65535-க்கும் நடுவில் கிடைப்பது முக்கால் சதவீதம் நினைவக நேரம். அதுவும் விளையாட்டில் அப்படியே வேகமாக மாறாது; உங்கள் சிபியுவில் 96 எம்பி எல்3 கேஷ் இருக்கிறது, ராமைத் தேடிப் போவதையே குறைக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். அந்த முக்கால் சதவீதத்துக்காக மதியத்தில் நீலத்திரை பார்ப்பது எனக்கு நட்டக் கணக்காகவே படுகிறது.

சரி, என்ன செய்வது? எதையும் தொடுமுன், ஓவர்கிளாக் செய்த நிலையில் முக்கியமான கோப்புகளைத் திறந்து சேமிப்பதை நிறுத்துங்கள். ராம் பிழை நீலத்திரையோடு நிற்காது, ஒரு படத்திலோ கணக்குத் தாளிலோ சத்தமில்லாமல் ஒரு பிட்டைப் புரட்டி வட்டில் எழுதிவிடும். காப்புப் பிரதி எடுக்கும்போதும் பயோஸை இயல்புநிலைக்குக் கொண்டுவந்த பிறகே எடுங்கள். விண்டோஸ் 11-இல் வட்டைப் பூட்டும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து, மீட்புச் சாவியைக் கைப்பேசியிலோ தாளிலோ குறித்து வையுங்கள். பயோஸைப் புதுப்பித்தால் எஃப்டிபிஎம் (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) மாறி அந்தச் சாவியைக் கேட்க நேரலாம், அப்போது அது பூட்டிய கணினிக்குள்ளேயே இருந்தால் பயனில்லை.

முதல் படி, எல்லாவற்றையும் இயல்புநிலைக்குக் கொண்டுவருவது. பயோஸில் ‘லோட் ஆப்டிமைஸ்ட் டிஃபால்ட்ஸ்’ கொடுங்கள். எக்ஸ்போ அணைந்து ராம் 1.1 வோல்டில் பெரும்பாலும் 4800-இல் ஓடும். சிபியு வோல்டேஜைக் குறைக்கும் கர்வ் ஆப்டிமைசரில் மைனஸ் 20, மைனஸ் 30 என்று ஏதாவது வைத்திருந்தால் அதுவும் போய்விட்டதா என்று பாருங்கள். ராமைக் குற்றம் சொல்லி வாரக்கணக்கில் அலைந்தவர்கள் பலருக்குக் கடைசியில் சிக்கல் அங்கேதான் இருந்திருக்கிறது. விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் வன்பொருள் பிழையைக் குறிக்கும் டபிள்யூஎச்இஏ லாகர் 18 என்ற எண்ணும் ‘கேஷ் ஹையரார்க்கி எரர்’ என்ற சொல்லும் இருந்தால் சந்தேகம் முதலில் சிபியு கோர் மேல் விழ வேண்டும். பிறகு மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற ராம் சோதனையை யுஎஸ்பியில் போட்டு அதிலிருந்தே கணினியைத் தொடங்கி குறைந்தது நான்கு சுற்று ஓட விடுங்கள். விண்டோஸோடு வரும் மெமரி டயக்னாஸ்டிக் இதற்குப் போதாது. இயல்புநிலையில் ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பழுதுதான், மேற்கொண்டு டைமிங் பேச்சே வேண்டாம்.

அப்படிப் பிழை வந்தால் ஸ்டிக்கா, ஸ்லாட்டா என்று பிரியுங்கள். கணினியை அணைத்து, மின்சார ஸ்விட்சையும் அணைத்துவிட்டு, ஒரு ஸ்டிக்கை மட்டும் ஏ2-இல் வையுங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் அது சிபியுவிலிருந்து இரண்டாவது. பி2 என்பது நான்காவது. இரண்டு ஸ்டிக் போடுகிறவர்கள் இந்த இரண்டில்தான் போட வேண்டும். சோதியுங்கள், மற்ற ஸ்டிக்கை அதே இடத்தில் வைத்துச் சோதியுங்கள், பிறகு நல்ல ஸ்டிக்கைப் பி2-இல் வைத்துச் சோதியுங்கள். பிழை ஸ்டிக்கோடு நகர்ந்தால் ஸ்டிக் பழுது. இடத்தோடே நின்றால் ஸ்லாட், சாக்கெட் அல்லது சிபியு. ஏஎம்5 என்ற உங்கள் சிபியு வகையில் ஊசிகள் சாக்கெட்டில் இருப்பதால், சிபியு கூலரின் திருகை ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால்கூட ஒரு சேனல் (ராமுக்குப் போகும் பாதை) தகராறு செய்யும். கூலரைக் கழற்றி, புதிய பேஸ்ட் தடவி, இரண்டு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கிப் பாருங்கள். ஸ்டிக்கின் தங்க முனைகளை அழிரப்பரால் தேய்க்கும் பழைய வழக்கம் வேண்டாம், துகள் ஸ்லாட்டுக்குள் தங்கிவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் பிரியாத துணி போதும். ஈரக்காற்றால்தான் ராம் கெடுகிறது என்று இங்கே அடிக்கடி சொல்வார்கள். ஓடுகிற கணினி அறையைவிடச் சூடாக இருப்பதால் அதில் ஈரம் படியாது. உங்கள் சிக்கலுக்கு ஈரப்பதம் காரணமாகத் தெரியவில்லை.

இயல்புநிலையில் தேறினால், நான் எதிர்பார்ப்பது அதுதான், எக்ஸ்போவை மட்டும் போட்டு மற்ற டைமிங் எல்லாம் ஆட்டோவில் விட்டு இரண்டாம் சோதனை. இதை மதியத்தில் செய்யுங்கள். ஏர்கான் வேண்டாம், கேசிங்கின் பக்கக் கண்ணாடி மூடியிருக்க வேண்டும், சன்னல் எப்போதும்போல. உணரி அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோ மென்பொருளைத் திறந்தால் ஒவ்வொரு ஸ்டிக்கின் வெப்பநிலையும் தனித்தனியாகத் தெரியும். டிடிஆர்5 ஸ்டிக்கிலேயே உணரி இருக்கிறது. அந்த உணரி ஸ்டிக்கின் நடுவே இருப்பதால் ஓரச் சிப்புகள் சில டிகிரி வேறுபடலாம். ராம் விளக்குகளை ஆட்டுகிற ஆர்ஜிபி மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தால் மூடிவிடுங்கள். இரண்டும் ஒரே பாதையில் ஸ்டிக்கோடு பேசி அளவீட்டைக் குழப்பும். இப்போது டெஸ்ட்மெம்5-ஐ எக்ஸ்ட்ரீம் அமைப்பில் ஓட விட்டு, அதே நேரத்தில் கார்டுக்கும் ஒரு பளு கொடுங்கள். ஓசிசிடி என்ற மென்பொருளின் 3டி சோதனையைச் சிறிய சாளரத்தில் ஓட விட்டாலே போதும். இரண்டு மணி நேரம். ஸ்டிக் எத்தனை டிகிரியில் நிலைகொள்கிறது என்று எழுதி வையுங்கள். இனி எல்லாச் சோதனையும் அந்த எண்ணை எட்டினால்தான் செல்லும்.

அது தேறியதும் டைமிங்குகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டுவாருங்கள். முதலில் டிஆர்எஃப்சி 480 மட்டும், டிரெஃபி ஆட்டோவிலேயே. தேறினால் டிரெஃபி 32767. அதுவும் மதியச் சூட்டில் தேறினால் 50000 முயலலாம். நானாக இருந்தால் 32767-இலேயே நின்றுவிடுவேன். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், பிழை வந்தால் யார் செய்தது என்று தெரியாமல் போகும். டிஆர்எஃப்சி பற்றி ஒரு சந்தேகம் எனக்கும் உண்டு. 6000 சிஎல்30 கிட்டுகளில் பெரும்பாலும் எஸ்கே ஹைனிக்ஸ் சிப்தான் இருக்கும், ஆனால் ஏ-டை, எம்-டை என்று இரண்டு வகை உண்டு. ஏ-டைக்கு 160 நானோவினாடி தாராளமாக இருக்கும், எம்-டைக்கு அது ஏறக்குறைய விளிம்பு. உங்களிடம் இருப்பது எது என்று நீங்கள் எழுதவில்லை. டிரெஃபி ஆட்டோவில் இருக்கும்போதே 480-இல் பிழை வந்தால் 540, அதாவது 180 நானோவினாடி, போட்டுப் பாருங்கள்.

பிழை எந்த நிமிடத்தில் வருகிறது என்பதும் ஒரு தடயம். ஸ்டிக் குளிர்ந்திருக்கும்போதே முதல் ஓரிரு நிமிடத்தில் வந்தால் டைமிங் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது அல்லது வோல்டேஜ் பற்றவில்லை. இருபது, முப்பது நிமிடம் கழித்துச் சூடான பிறகு வந்தால் ரீஃப்ரெஷ் பக்கம் பாருங்கள். இது கைப்பழக்கத்தில் வந்த விதி, இயற்பியல் விதி அல்ல. நூற்றுக்கு நூறு நம்ப வேண்டாம். டெஸ்ட்மெம்5 காட்டும் பிழை எண்ணை வைத்து ‘6 வந்தால் இது, 12 வந்தால் அது’ என்று பட்டியல் ஒன்று சுற்றுகிறது. அதற்கு நான் அதைவிடக் குறைவான மதிப்பே கொடுப்பேன். டிடிஆர்5 சிப்புக்குள்ளேயே ஒற்றை பிட் பிழையைத் திருத்தும் ஏற்பாடு இருக்கிறது, அதனால் விளிம்பில் தள்ளாடும் சிப் வெளியே கொஞ்ச நேரம் நல்ல பிள்ளையாகத் தெரியும். சிப்புக்கும் சிபியுவுக்கும் நடுவே பாதையில் நேரும் பிழையை அந்த ஏற்பாடு திருத்தாது.

காற்றுக்கு ஒரு வழி செய்தால் இதில் பாதிக்கு வேலையே இருக்காது. 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை ஸ்டிக்குகளை நோக்கி நிமிடத்துக்கு 800 முதல் 1000 சுற்றில் வைத்தால் 5 முதல் 10 டிகிரி இறங்கும். கேபிள் டையால் கட்டினாலும் சரி, பார்வைக்கு அழகாக இருக்காது. கேசிங்கின் மேல்பக்க விசிறிகளில் முன்னால் இருப்பது வெளியே தள்ளுமாறு பொருத்தியிருந்தால், முன்பக்கம் நுழையும் குளிர்காற்று ராமைத் தொடுமுன்பே மேலே போய்விடும். அதை நிறுத்திப் பார்த்து வெப்பநிலையை ஒப்பிடுங்கள். வோல்டேஜையும் 1.35-க்கே இறக்குங்கள். சிஎல் 30-ஐ மாற்றாதவரை ஏற்ற வேண்டிய தேவையே இல்லை.

காலையில் டிராம் விளக்கு எரிந்து நிற்பது வேறு விஷயமாக இருக்கலாம். டிடிஆர்5 ஒவ்வொரு முறையும் சமிக்ஞை நேரங்களைப் பழகிக்கொள்ள வேண்டும், இதை ட்ரெயினிங் என்பார்கள். மெமரி கான்டெக்ஸ்ட் ரெஸ்டோர் என்ற அமைப்பு இயங்கினால் போர்டு முன்பு பழகியதையே எடுத்துக்கொண்டு சட்டென்று தொடங்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து பழகும், நேரமாகும். விளிம்பில் நிற்கும் அமைப்பில், முன்பு பழகியது இன்று பொருந்தாமல் போகலாம். சோதனைக் காலம் முழுவதும் இதை அணைத்து வையுங்கள். அணைத்த பிறகு ஐந்து முறை முழுதாக நிறுத்தித் தொடங்கி, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் டெஸ்ட்மெம்5 ஓட்டுங்கள். ஒரு முறை தேறி மறுமுறை பிழை வந்தால் ட்ரெயினிங் விடை ஒவ்வொரு தடவையும் மாறுகிறது என்று பொருள். 5800-க்கு இறக்கினால் சரியாகிறதா என்று பார்க்கலாம். எல்லாம் சீரான பிறகு மறுபடி இயக்கும்போது பவர் டவுன் என்ற அமைப்பையும் கூடவே இயக்குங்கள், ஒன்று இயங்கி ஒன்று அணைந்திருந்தால் சில போர்டுகள் தடுமாறுகின்றன. சிமாஸ் (பயோஸ் அமைப்புகளைச் சேமித்திருக்கும் இடம்) அழித்த பிறகு முதல் தொடக்கத்தில் சில நிமிடம் கறுப்புத் திரைதான் இருக்கும். பதறி ஸ்விட்சை அமுக்காமல் பத்து நிமிடமாவது விடுங்கள்.

சிபியு பக்கத்தில் இரண்டு எண்ணை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்ஓசி வோல்டேஜ் (சிபியுவுக்குள் ராமைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குப் போவது) 6000-க்கு 1.15 முதல் 1.25 வரை பொதுவாகப் போதும். 1.30-ஐ ஒருபோதும் தாண்டக் கூடாது. 2023 ஏப்ரலில் ரைசன் 7000எக்ஸ்3டி சிபியுக்கள் சில கருகிய பிறகு ஏஎம்டியே பயோஸ் வழியாக அந்த உச்சவரம்பைப் போட்டது. உங்கள் பயோஸ் அதற்கு முந்தையது என்றால் ராம் வேலை எல்லாவற்றுக்கும் முன்பு அதைப் புதுப்பியுங்கள், இயல்புநிலையில் வைத்துத்தான். இரண்டாவது எஃப்கிளாக் (சிபியுவின் உள்பாகங்களை இணைக்கும் பாதையின் வேகம்), 2000-இல் இருக்கட்டும். 2133, 2200 என்று ஏற்றியிருந்தால் அது பிழையாகக் காட்டாமல், ஒலி கரகரப்பதாகவும் அளவீடுகள் முறைக்கு முறை மாறுவதாகவும் வெளிப்படலாம். ராமையும் அதையும் ஒரே நேரத்தில் சோதிக்க வேண்டாம்.

எல்லாம் தேறிய பின்னும் ஒரே விளையாட்டு மட்டும் விழுந்துகொண்டே இருந்தால் ராமைத் திட்டுமுன் ஸ்டீமில் அதன் கோப்புகளைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ராம் தள்ளாடிய நாள்களில் இறங்கிய புதுப்பிப்பு வட்டிலேயே கெட்டுப் போயிருக்கலாம். விண்டோஸுக்கும், அதன் கோப்புகளைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள்.

கடைக்குப் போகலாமா என்றால், இயல்புநிலைச் சோதனையின் முடிவைப் பொறுத்தது. அங்கே பிழை வந்தால் இரண்டு ஸ்டிக்கையும் சேர்த்தே, ரசீதோடும் பிழைத் திரையின் படத்தோடும் கொண்டுபோங்கள்; கிட்டாக விற்றதைக் கிட்டாகத்தான் மாற்றித் தருவார்கள். வாங்கி ஆறு மாதத்துக்குள் இருந்தால், லெமன் சட்டம் என்று நாம் சொல்கிற 2012 விதியின்படி குறை வாங்கும்போதே இருந்ததாகவே கருதப்படும், இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. எக்ஸ்போவில் மட்டும், கையால் ஒன்றும் மாற்றாமல் விழுந்தால் நிலைமை வழுக்கல். 6000 என்று ராம் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறது, ஆகவே கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வேகம் சிபியுவின் கட்டுப்பாட்டகத்தையும் போர்டையும் பொறுத்தது என்று கடைக்காரர் சொன்னால் அதுவும் பொய்யல்ல, ஏஎம்டி இந்தச் சிபியுவுக்கு அதிகாரபூர்வமாகச் சொல்வது 5200 மட்டுமே. எக்ஸ்போவையும் அது ஓவர்கிளாக் என்றே கணக்கில் வைத்து, அதனால் வரும் சேதத்துக்குத் தன் உத்தரவாதம் இல்லை என்கிறது. யார் பக்கம் சட்டம் நிற்கும் என்பது என் துறையல்ல. 65535-இல் மட்டும் விழுகிறது என்றால் பேருந்துக் காசை மிச்சப்படுத்துங்கள். குளிரூட்டிய கடையில் இயல்புநிலையில் சோதிப்பார்கள், தேறும், கையில் திருப்பிக் கொடுப்பார்கள்.

இன்னும் இரண்டு ஸ்டிக் சேர்க்கும் யோசனையை விட்டுவிடுங்கள். நான்கு ஸ்டிக் போட்டால் ரைசன் 7000-க்கு ஏஎம்டி சொல்லும் வேகம் 3600-க்கு இறங்கிவிடுகிறது. அதற்கு மேல் ஓடுவதும் உண்டு, ஆனால் 6000-இல் நிலையாக நிற்கும் என்று நம்பி வாங்கக் கூடாது. அதே மாடல் எண் போட்ட இரண்டாம் கிட்டுக்குள் வேறு சிப் இருக்கவும் கூடும். ஸ்டிக்குகள் அருகருகே ஒட்டி நிற்பதால் நடுவில் காற்றும் போகாது, நீங்கள் இப்போது படும் சூட்டுச் சிக்கல் இரட்டிப்பாகும். 64 ஜிபி உண்மையிலேயே தேவை என்றால் 32 ஜிபி ஸ்டிக் இரண்டு உள்ள ஒரே கிட்டை வாங்கி இப்போதையதை விற்றுவிடுங்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடப்பதால் பழையதற்கும் நல்ல விலை கிடைக்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் மதியத்தில் விழுந்தால், மூன்று விஷயத்தை எழுதுங்கள்: டைமிங்குகளைக் காட்டும் ஸென்டைமிங்ஸ் மென்பொருள் திரையின் படம், விழுந்த நேரத்தில் இரண்டு ஸ்டிக்கின் வெப்பநிலை, சோதனை தொடங்கி எத்தனையாவது நிமிடத்தில் முதல் பிழை வந்தது. கிராபிக்ஸ் கார்டு என்ன மாடல், மேல்பக்க விசிறிகள் எந்தத் திசையில் தள்ளுகின்றன என்பதையும் சேர்த்துச் சொன்னால் அடுத்து எங்கே கை வைப்பது என்று சொல்ல முடியும்.